மணியை எண்ணுவதா, மனிதரை எண்ணுவதா?

அமைதியும் இன்று சந்தைக்கு வந்துவிட்டது. இலங்கையின் மலைநாட்டிலும் தென்கடற்கரையிலும் வெளிநாட்டாரையும் உள்ளூர் வசதி படைத்தோரையும் நாடித் தியான முகாம்கள் நடத்தப்பெறுகின்றன. அங்கே பேசாதிருத்தற்குக் கட்டணம் உண்டு. மெல்ல நடத்தற்கும் மெல்ல உண்ணுதற்கும் பயிற்சி உண்டு. உலகெங்கும் இத்தகைய முகாம்களில் பெருவழக்காகிவிட்ட ஒரு கைவேலை வகுப்பும் உண்டு. அதுவே தியான மாலை கோத்தல்.

நூற்றெட்டு மணிகளைத் தட்டில் இட்டு, நூலையும் குஞ்சத்தையும் கொடுத்து, வந்தவரை வட்டமாக அமர்த்துவர். ஒரு மணியைக் கோத்ததும் ஒரு முடிச்சு. ஒரு முடிச்சுக்கு ஒரு மூச்சு. இறுதியில் தலைமணி ஒன்றைக் கட்டிக் குஞ்சத்தைத் தொங்கவிட்டால் மாலை முடிந்தது. "நேற்றை விடுங்கள், நாளையை விடுங்கள், உங்கள் விரலிடை உள்ள இந்த மணியில் மட்டும் இருங்கள்" என்பது ஆசிரியரின் உபதேசம். இதற்கு மனவிழிப்பு என்று பெயர். ஆங்கிலச் சொல்லையே விரும்புவோர் மைண்ட்புல்னஸ் என்பர்.

இதிலே என்ன குற்றம் கண்டீர்கள் என்று நண்பர்கள் நம்மைக் கேட்கக்கூடும். கையால் ஒரு பொருளைச் செய்து அதிலே சற்று ஆறுதல் பெறுகிறவரோடு நமக்கு வழக்கில்லை. மாலை கோக்கும் விரலோடும் நமக்குப் பகையில்லை. ஆனால் நேற்றை விடு என்னும் உபதேசம் எவருக்குச் சொல்லப்படுகிறது, எவர் சொல்கிறார், சொல்வதனால் எவருக்கு நன்மை என்று கேட்பது நமது கடமை. பங்குச் சந்தையில் நேற்று இழந்ததை மறக்க விரும்பும் ஒருவர்க்கு அவ்வுபதேசம் மருந்தாகலாம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வாழும் மக்களுக்கு அதே உபதேசத்தைக் கொடுத்தால் அது மருந்தாகுமா, மயக்கமாகுமா?

முதலில் மணியையே எடுத்துக்கொள்வோம். மணி வானத்திலிருந்து விழுவதன்று. உருத்திராக்கம் நேபாளத்திலும் யாவாவிலும் வளரும் மரத்தின் பழக்கொட்டை. பழத்தை ஒருவர் பொறுக்க வேண்டும். தோலை ஒருவர் களைய வேண்டும். துளையை ஒருவர் இட வேண்டும். கல்மணியின் கதையோ இன்னும் கொடியது. குசராத்து மாநிலத்துக் கம்பாத் நகரம் நெடுங்காலமாக அகேட்டுக் கல்லையும் சூதுபவளத்தையும் மணியாக்கி உலகுக்கு அனுப்பி வருவது. அங்கே குடிசைகளில் சாணைச் சக்கரத்தின்முன் குந்தியிருந்து கல்லைத் தேய்ப்போர் சிலிக்காத் தூசியைச் சுவாசித்துச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயால் இளவயதிலேயே மடிகின்றனர். தொழில்சார் நோய்களை ஆராயும் மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகளாக எழுதி வருகின்றனர். தியான முகாமில் அமர்ந்தவர் அந்தக் கல்மணியை விரலிடை வைத்துக்கொண்டு தம் மூச்சைக் கவனிக்கப் பழகுகிறார். அந்தக் கல்லைத் தேய்த்தவனுக்கு அப்பழக்கத்தை எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மூச்சு வாங்குவதே பாடாகிவிட்டவன் ஒவ்வொரு மூச்சையும் கவனித்துக்கொண்டே கிடக்கிறான்.

வன்னிக்கும் மணி புதியதன்று. அதன் மேற்கு வாசலாகிய மாந்தைத் துறையில் 1980 முதல் 1984 வரை நடந்த அகழ்வாய்வு, ஒரு பழந்துறைமுகத்தின் வாழ்வை வெளிக்கொணர்ந்தது. பின் போர் வந்து மண்வெட்டியை நிறுத்திற்று. கண்ணாடியை உருக்கி மணி செய்து கடல் கடந்து அனுப்பிய தொழிற்களங்களுள் மாந்தையும் ஒன்று என்பது ஆய்வாளர் துணிபு. அந்த மணிகளைச் செய்த கைகள் எவருடையவை என்பதை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. உழைத்தவன் பெயர் அழிந்து உழைப்பின் பொருள் மட்டும் எஞ்சுவது வரலாற்றில் பழைய வழக்கம். அவ்வழக்கத்தைத்தான் இன்றைய மணி வணிகமும் தொடர்கிறது.

இனி, மணிமாலை எதற்காக உண்டாயிற்று? எண்ணுவதற்காக. சைவன் கையில் நூற்றெட்டு உருத்திராக்கம். கத்தோலிக்கன் கையில் பப்பத்தாக ஐந்து கோவைகள் கொண்ட செபமாலை. முஸ்லிமின் கையில் முப்பத்து மூன்று அல்லது தொண்ணூற்றொன்பது மணி கொண்ட தஸ்பீஹ். பௌத்தனிடத்தும் நூற்றெட்டே. கடவுளில் வேறுபட்டவர்களும் கடவுளையே ஏற்காதவர்களும் இந்த ஒரு கருவியில் ஒன்றுபட்டனர். காரணம் எளிது. மனித நினைவு தவறும், எண் குழம்பும், எனவே எண்ணைக் கையில் ஒப்படைத்தனர். மணிமாலை நினைவுக்குத் துணையாக மனிதன் கண்ட கருவி. மறப்பதற்கு ஒரு கருவி வேண்டுமென்று எச்சமயத்தவனும் மணியைத் துளைக்கவில்லை.

மனவிழிப்பு என்ற சொல்லின் வரலாறும் இதையே சொல்கிறது. பாளி மொழியில் அது 'சதி', வடமொழியில் 'ஸ்மிருதி'. அதன் வேர்ப்பொருள் நினைவு. 1881இல் அச்சொல்லை இன்று வழங்கும் ஆங்கிலச் சொல்லால் பெயர்த்து நிலைநிறுத்தியவர் ரைஸ் டேவிட்ஸ். அவர் இலங்கைச் சிவில் சேவையில் உத்தியோகம் பார்த்தவர். அநுராதபுரத்தில் உதவி அரசாங்க அதிபராக அமர்ந்து, தம் ஆளுகைக்கு உட்பட்டோர்மீது முறைகேடாகத் தண்டம் விதித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பதவி இழந்தவர். அவர் ஆண்ட நுவரகலாவிய 1873 வரை வன்னியோடு ஒரே வட மாகாணத்தில் அடங்கியிருந்தது. குடிகளைத் தண்டித்த அதே மனிதர் பாளி நூல்களை உலகுக்கு அளித்தார் என்பது குடியேற்ற ஆட்சியின் முரண்களுள் ஒன்று. எனினும் அறிஞர் என்ற முறையில் அவர் நேர்மையாளர். அச்சொல்லின் மூலப்பொருள் நினைவே என்பதை அவரே பின்னர் எடுத்துரைத்திருக்கிறார். இன்றைய முகாம்கள் அவர் தந்த சொல்லை வைத்துக்கொண்டு பொருளைக் கைவிட்டன. நினைவு என்று பொருள்படும் சொல்லைக் கொண்டு மறதியைக் கற்பிக்கின்றன. தமிழில் 'சதி' என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. அப்பொருள்தான் இங்கே பொருந்தும் போலும்!

இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? 1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-சின் என்பவர், தீரா வலியுடையோரின் மனவழுத்தத்தைத் தணிப்பதற்குத் தியானத்தைச் சமயத்தினின்றும் பிரித்து ஒரு பயிற்சியாக அமைத்தார். நோயாளியின் வலியைக் குறைக்க முயன்றதை நாம் பழிக்கவில்லை. ஆனால் முதலாளித்துவம் எதையும் அதன் இடத்தில் விட்டுவைப்பதில்லை. பெருங் கம்பனிகள் அப்பயிற்சியைத் தம் ஊழியருக்கு அளிக்கலாயின. வேலைப்பளுவைக் குறைப்பதிலும் வேலைப்பளுவைத் தாங்கும் மனத்தைப் பயிற்றுவது செலவு குறைந்தது அல்லவா? ஈராக்குக்குப் புறப்படவிருந்த அமெரிக்க மரீன் படையினருக்கும் அப்பயிற்சி கொடுக்கப்பட்டு, அதன் பயன் பற்றிய ஆய்வு 2010இல் வெளியாயிற்று. கொல்லாமையை முதல் ஒழுக்கமாகக் கொண்ட ஒரு நெறியின் தியானம், கொல்லப் போகிறவனின் மனம் சிதறாமல் இருப்பதற்குப் பயன்பட்டது. ரொனால்ட் பேர்சர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 2019இல் எழுதிய நூலில் இதனை முதலாளித்துவத்தின் புதிய ஆன்மிகம் என்று சாடியதில் வியப்பில்லை. துன்பத்தின் காரணம் உன் மனத்தில் இருக்கிறது என்று ஒருவனை நம்பவைத்துவிட்டால், அவன் தன் எசமானனைத் திரும்பிப் பாரான்.

இப்போது வன்னிக்கு வருவோம்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. எஞ்சிய ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் முட்கம்பிகளுக்குள் வைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்தனர். அம்முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலே. ஏறத்தாழப் பன்னீராயிரம் முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டனர். அங்கே தொழிற்பயிற்சியோடு ஆன்மிகப் பயிற்சியும் தியானமும் புனர்வாழ்வின் அங்கங்களாயின. கம்பிக்குள் இருப்பவனுக்கு மன அமைதியைக் கற்பிக்கும் அரசு, வெளியே என்ன செய்தது? வட மாகாணத்துக்கென அமைத்த சனாதிபதி செயலணியின்மூலம் வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் அனுமதி வழங்கியது. உளவளத்துணைத் திட்டங்களுக்கோ தடைகள் இட்டது. தார் ஊற்றினால் மண் மூடும். மனிதர் மனம் திறந்து பேசினாலோ மூடிய மண்ணும் திறக்கும். அரசுக்கு இந்த வேறுபாடு நன்கு தெரிந்திருந்தது.

மாவீரர் துயிலும் இல்லங்கள் இயந்திரங்களால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. சிலவற்றின்மேல் படைமுகாம்களே எழுந்தன. அங்கே கிடந்தோரின் அரசியலை ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால் மகனின் புதைகுழிமேல் ஒரு விளக்கேற்றும் உரிமை எந்த அரசியலுக்கும் முந்தியது. அந்த உரிமையும் மறுக்கப்பட்டது. மே 18இல் கூடி அழுவதற்கும் பல ஆண்டுகள் தடை இருந்தது. இதுதான் வன்னியின் நிலை. நினைவைக் குற்றமாக்கிய மண்ணில் ஒருவர் வந்து நேற்றை விட்டுவிடு என்று கனிவோடு சொல்வாராயின், அவர் அறிந்தோ அறியாமலோ அரசின் குரலிலே பேசுகிறார். படைவீரன் அதட்டிச் சொன்னதை அவர் மென்மையாகச் சொல்கிறார், அவ்வளவே.

எண்ணுதல் என்பது வன்னியில் எவ்வளவு பெருஞ்செயல் என்பதற்கு இரு சான்றுகள் கூறுவோம்.

மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு 2011 சனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின்முன் தோன்றினார். அவர் அங்கே எடுத்துவைத்தது ஒரு கழித்தற் கணக்கு. கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் இருந்த மக்கள் 4,29,059 பேர். 2009 யூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். மீதி 1,46,679. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அவர் கேட்டார். எண்கள் கச்சேரியினதும் ஐக்கிய நாடுகள் சபையினதும். கேள்வி மட்டுமே அவருடையது. 2021 ஏப்பிரில் 1ஆம் நாள் அவர் மறையும் வரை அக்கேள்விக்குத் தக்க விடை தரப்படவில்லை. நாள்தோறும் செபமாலை உருட்டிய கை அது. அந்தக் கை மணியோடு நின்றுவிடவில்லை, மனிதரையும் எண்ணிற்று. எண்ணிக்கை பிழையென்று கருதுவோர் மறுகணக்கு எடுத்திருக்கலாம். ஒவ்வொரு கிராமத்துக்கும் சென்று பெயர் பெயராகப் பதிந்து வெளியிட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் எண்ணியவரையே விசாரித்தார்கள்.

அடுத்த சான்று தாய்மாருடையது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்பாகப் போராட்டம் தொடங்கினர்; வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அடுத்தடுத்துப் பந்தல்கள் எழுந்தன. அவர்கள் செய்ததெல்லாம் அமர்ந்திருந்ததும் நாளை எண்ணியதுமே. நூறாம் நாள், ஐந்நூறாம் நாள், ஆயிரமாம் நாள் என்று எண்ணினர். 2020 சனவரியில் அன்றைய சனாதிபதி கோத்தாபய ராசபக்ச, காணாமற் போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று ஐக்கிய நாடுகள் சபையின் பிரதிநிதியிடம் கூறினார். எங்கே இறந்தனர், எவர் கையில் இறந்தனர் என்று சொல்லவில்லை. மரணச் சான்றிதழ் தரலாம் என்றார். தாய்மார் எண்ணுவதை நிறுத்தவில்லை. 2022 யூலையில் அவரே மக்கள் எழுச்சிக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடினார். அடுத்த மாதம் தாய்மாரின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தொட்டது. அதற்குள் அவர்களில் பலர் விடை காணாமலே மாண்டுவிட்டனர். நூற்றெட்டில் முடிந்து மீண்டும் ஒன்றில் தொடங்கும் வசதி அந்த மாலைக்கு இல்லை.

அமர்தலும் அவ்வாறே. 2017 சனவரி 31இல் கேப்பாப்பிலவுப் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாயிலில் குழந்தைகளோடு அமர்ந்தனர். இரவும் பனியும் அவர்களை எழுப்பவில்லை. ஒரு மாதங் கழித்து, மார்ச் 1ஆம் நாள், தம் காணியில் கால் வைத்த பின்னரே எழுந்தனர். கண்ணை மூடி அமர்வதும் அமர்தல்தான். கண்ணைத் திறந்து அமர்வதும் அமர்தல்தான். இவற்றுள் எதனால் நிலம் மீண்டது என்பதை வாசகர் அறிவர்.

இங்கே ஒரு தடை எழலாம். "போராட்டம் சரி, ஆனால் இரவில் உறக்கமின்றித் துடிக்கும் ஒரு தாய்க்கு இன்றே சிறிது ஆறுதல் வேண்டாமா? நீதி வரும் வரை அவள் நோவைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா?" நியாயமான கேள்வி. இதற்கு நமது மண்ணிலேயே விடை உண்டு. வடபுலத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மந்திர உச்சாடனம், செபமாலை, திக்ர், மூச்சைக் கவனித்தல் ஆகியவற்றை அவரவர் மரபுக்கு ஏற்ப நோயாளருக்குச் சிகிச்சையின் துணையாகப் பயன்படுத்தியவர். ஆகவே மணிக்கும் மூச்சுக்கும் ஆற்றல் இல்லையென்று நாம் கூறவில்லை. ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. 1998இல் வெளிவந்த அவருடைய நூல் மனங்களின் வடுவைப் பேசிற்று; 2014இல் வந்த நூல் சமூகங்களின் வடுவைப் பேசிற்று. வன்னியின் காயம் தனிமனிதக் காயங்களின் கூட்டுத்தொகை அன்று, குடும்பமும் ஊரும் நம்பிக்கையும் சிதைந்த கூட்டுக்காயம் என்பது அவர் முடிவு. கூட்டாகப் பட்ட காயத்தைத் தனித்தனியே மௌனத்தில் ஆற்றிவிட முடியாது. புண்ணுக்கு மருந்திடும்போதே முள்ளையும் எடுக்க வேண்டும்.

தியானமும் வன்னிக்கு வெளியிலிருந்து வந்த பண்டமன்று. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் துறவு பூணுமுன் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களஞ்சியத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர். இரணைமடுக் குளத்தின் வேலைகள் நடந்த காலம் அது. பகலில் மண்வெட்டிக்கும் கயிற்றுக்கும் கணக்கு, இரவில் தவம். அவருடைய தத்துவத்தை நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆயினும் குளம் கட்டும் உழைப்பின் நடுவே வளர்ந்த மௌனத்துக்கும் நாட்கட்டணம் வாங்கி விற்கப்படும் மௌனத்துக்கும் உள்ள தூரம் பெரிது.

கைவேலைக்கும் இது பொருந்தும். வன்னிப் பெண்ணின் விரல் காலங்காலமாகப் பனையோலையில் பெட்டியும் கடகமும் பாயும் இழைத்து வந்தது. அவ்வேலை முற்றத்திலே, நாலுபேர் கூடியிருந்து, ஊர்க்கதை பேசி, சிரித்தும் அழுதும் நடப்பது. அதில் பயனுண்டு, பேச்சுண்டு, விலையுமுண்டு. இன்று கணவனை இழந்த பெண்ணின் வாரக் கணக்கு வேறாகிவிட்டது. நுண்கடன் வசூலிப்பவன் வாசலுக்கு வரும் நாளை அவள் எண்ணுகிறாள். வட்டிச் சுமை எல்லை மீறியதனால், 2018இல் வறட்சி மாவட்டங்களின் பெண்கள் பட்டிருந்த ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அவள் பெட்டி இழைத்தால் அதற்கு நியாய விலை கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம் வேண்டும். அவள் கை வேலைசெய்யும்போது உண்டாகும் அமைதி, அந்த விலையோடு சேர்ந்தே உண்டாகும். கூலியில்லாத கைவேலையைச் சிகிச்சை என்று புகழ்வது வறியோரிடம் செய்யத்தகாத பரிகாசம்.

நினைவு என்று நாம் பேசும்போது நமக்கு இனிய நினைவுகளை மட்டும் பொறுக்கிக் கோத்தல் ஆகாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை, ஏறத்தாழ 75,000 பேரை, சில நாட்களிலே வெளியேற்றினர். முல்லைத்தீவின் முஸ்லிம் குடும்பங்களும் அவர்களுள் அடங்குவர். தஸ்பீஹ் ஏந்திய அந்தக் கைகள் வெறுங்கையாக வீதிக்கு வந்தன. போரின் இறுதிக் காலத்தில் வன்னிப் பெற்றோரின் கையிலிருந்து பிள்ளைகள் வலிந்து பறிக்கப்பட்டுப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். இவற்றை விட்டுவிட்டு அரசின் கொடுமையை மட்டும் எண்ணுகிறவனுடைய மாலையும் குறைமாலையே. அரசு தன் குற்றத்தை மறக்கச் சொல்கிறது என்பதற்காக, தமிழர் பெயரால் நிகழ்ந்த குற்றத்தை நாம் மறக்க உரிமை பெறுவதில்லை. எல்லாரையும் எண்ண வேண்டும். அப்போதுதான் நமது எண்ணிக்கைக்கு எதிரியும் தலைவணங்குவான்.

ஆசிரியர்களே, மாணவர்களே! இந்தப் பணி உங்களுடையது. உங்கள் கிராமத்தில் எத்தனை குடும்பங்கள் இருந்தன, எத்தனை திரும்பின, எவர் எங்கே எந்த நாளில் கடைசியாகக் காணப்பட்டார் என்பதை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அவர்கள் விருப்பத்தோடும் பாதுகாப்போடும் எழுதி வையுங்கள். தமிழரும் முஸ்லிமும் சிங்களரும் தத்தம் இழப்பை அடுத்தவர்முன் அச்சமின்றிச் சொல்லும் அவைகளை அமையுங்கள். உறக்கமிழந்தவர்க்கு மருத்துவ உதவியும் உளவளத்துணையும் அரச செலவில் ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் கிடைக்க வேண்டுமென்று கேளுங்கள். அது பிச்சையன்று, உரிமை. ஓலையோ மணியோ கோக்கும் பெண்கள் சங்கமாகச் சேரவும், தம் பொருளுக்குத் தாமே விலை சொல்லவும் துணை நில்லுங்கள். இவற்றைச் செய்துவரும் ஊரில் எவரேனும் மாலையில் ஒரு மணிநேரம் கண்ணை மூடி மணி உருட்டினால், அவரை நாம் தொந்தரவு செய்ய மாட்டோம்.